தலை கழுவாத நாள்

மெனிண்டி
மார்ச் 4

லாய்ட்,

அன்புள்ள தம்பிக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அந்த வார்த்தைக்குப் போகமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டேன்.

அம்மாவைப் புதைத்தாயிற்று. நீ வரவில்லை. அன்றைக்கு வெயில் ஆளைப் பொசுக்கியது. ஆற்றில் மீனெல்லாம் செத்து வயிறு மேலாக மிதந்து, அந்த நாற்றம் இடுகாடு வரைக்கும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் முகத்தில் துணியை வைத்திருந்தார்கள். யார் அழுகிறார்கள், யார் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புகை போட்டோம். கிளாரி மாமாதான் பச்சை இலையை எரித்து அறை அறையாகக் கொண்டுபோனார். அம்மாவின் போட்டோக்கள் அத்தனையையும் பெட்டியில் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மாமா மகள் ஜோலீனின் குழந்தைக்கு அம்மா பெயர்தானே, இப்போது அவளை எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிறோம். பாவம், முதல் நாள் கூப்பிட்டபோது அவள் திரும்பியே பார்க்கவில்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார். அடக்கத்துக்கு வர ஜெயிலில் உனக்கு அனுமதி கொடுத்தார்களாம். போக விருப்பமில்லை என்று நீதான் கையெழுத்துப் போட்டாயாம். காரணம் எழுத வேண்டாம். கேட்கிற நிலையில் நான் இல்லை.

எழுதுவது வேறு விஷயத்துக்கு. உங்கள் ஜெயில் ஓவிய டீச்சர் ஹெல்காவிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஜூனில் சிட்னியில் கைதிகள் வரைந்த படங்களின் கண்காட்சியாம். அட்டையில் நீ வரைந்த படம். நம் மரத்தடியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கீழே படத்தின் பெயர் என்று அம்மாவின் பெயரையே முழுசாக அச்சடித்திருக்கிறார்கள். கண்ணில் பட்டதும் மேசைமேல் கவிழ்த்துவிட்டேன். இன்னும் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

துக்கம் கழியும்வரை செத்தவர்களின் பெயரும் முகமும் வெளியே இருக்கக் கூடாது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் படத்தை நிறுத்து.

நொரெல்

இதைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் அதிகாரிக்கு: படித்தது போதும் ஐயா, சீக்கிரம் அவனிடம் கொடுங்கள்.


சிறை
மார்ச் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்தேன். பிறகு சாப்பாட்டு மணி அடித்தார்கள், போனேன். ஆட்டுக்கறிக் குழம்பு. முழுசாகச் சாப்பிட்டேன். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

படம் போன வசந்தத்தில் வரைந்தது. அப்போது அம்மா இருந்தாள். பெயர் வைத்ததும் அப்போதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது நிறுத்தலாம். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அங்கே ஆறு இருக்கிறது, மரம் இருக்கிறது, அம்மா உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. எனக்கு இங்கே ஒரு கதவும் ஒரு விளக்கும். படம் ஓவிய அறை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறது. வகுப்பு உள்ள நாளில் போய்ப் பார்க்கலாம்.

மரத்தை வரைய எனக்குச் சிரமமே இல்லை. டீச்சர் இலைக்கென்று ஒரு பச்சை ட்யூபை எடுத்துக் கொடுத்தார். நம் ஆற்றுத் தைலமரத்தில் அந்தப் பச்சை எங்கே இருக்கிறது? சாம்பலையும் மஞ்சளையும் குழைத்து நானே பிடித்தேன். மழையில் நனைந்தால் பட்டை சிவக்குமே, அந்த நிறம் கிடைக்கத்தான் நாளாயிற்று. ஓடம் செய்ய அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பட்டையை உரித்தெடுத்த வடு, அம்மா முதுகைச் சாய்க்கிற இடம், அதை வரைய யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் நாமும் அதில்தானே சாய்ந்து கிடந்தோம். என் முதுகுக்குத் தெரியும்.

அம்மாதான் கஷ்டம். இப்போது அவள் முகத்தைத் தனியாக நினைத்துப் பார்த்தால் வரவில்லை. படத்தில் இருக்கிற முகம் மட்டும்தான் வருகிறது. அதையும் எடு என்கிறாய்.

மரம் நிற்கிறதா? கரை இன்னும் சரிந்துவிட்டதா?

லாய்ட்


மெனிண்டி
மார்ச் 30

லாய்ட்,

ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டாயா? ரொம்ப சந்தோஷம். இங்கே நான் ரொட்டியைச் சுட்டு நாய்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மரம் நிற்கிறது. கரை சரிந்து பாதி வேர் வெளியே தொங்குகிறது. போன வாரம் ஒரு பெரிய கிளையைத் தானே உதிர்த்துவிட்டது. ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கங்கே பச்சைக் குட்டை. ஆற்றின் மேல்பக்கம் பருத்திப் பண்ணைக்காரர்கள் உறிஞ்சியது போக மிச்சம். குளிக்க பாட்டில் தண்ணீர். பாக்கா ஆற்றின் பூர்வகுடிச் சனம் என்று நமக்குப் பெயர் மட்டும் இருக்கிறது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அவ பேரும் மொகமும் எவனோ கட்டுன செவுத்துல தொங்கிட்டிருந்தா, அவ எப்படிம்மா கெளம்புவா? வாசல்லயே நிப்பா" என்றார்.

நிற்கத்தான் செய்கிறாள். ஜிஞ்சர் காலி நாற்காலியைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நான் இறுக்கி மூடிய குழாய் காலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. பயமெல்லாம் இல்லை, அம்மாதானே. ஆனால் கால் வலிக்குமே அவளுக்கு. இவ்வளவு நாள் நின்றுகொண்டே இருந்தால்? உனக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவளை நிறுத்தி வைப்பாயா?

சரி, படம் போகட்டும் என்கிறாய். அவளை மூடவாவது செய். இத்துடன் ஏரிக்கரை வெள்ளை மண் அனுப்புகிறேன். அந்தக் காலத்தில் துக்கத்துக்குத் தலை முழுக்க அப்பி, அது தொப்பி மாதிரி இறுகும்வரை விட்டு, துக்கம் கழிந்ததும் கழற்றிக் குழிமேட்டில் வைப்பார்களாமே, அதே மண். மாமாவும் நானும் தோண்டி, கனலில் சுட்டு, இடித்து, மைதா மாதிரி சலித்தோம். தண்ணீர் விட்டுக் குழைத்துப் படத்தில் அம்மாவின் முகத்தின் மேல் பூசு. உன் கையால்தான் பூச வேண்டும். அடக்கத்துக்கு வராதவன் இதையாவது செய்.

பிளாஸ்டிக் பையில் போட்டு டேப்பை நன்றாகச் சுற்றி ஒட்டியிருக்கிறேன். சிந்தாது.

நொரெல்


சிறை
ஏப்ரல் 22

அக்கா,

டேப் சுற்றிய பிளாஸ்டிக் பையில் வெள்ளைப் பொடியை ஜெயிலுக்குத் தபாலில் அனுப்பிய பெண் இந்த நாட்டிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

என்னைத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். பொடி சோதனைக்குப் போயிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு வந்து தூக்கினார்கள். முர்டாக் என்ற காவலர், மோசமான ஆள் இல்லை, "என்னடா இது?" என்று கேட்டார். மண் என்றேன். "எதுக்குடா மண்ணு?" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் அவர்களுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓவிய அறை எனக்கு இனி இல்லை. ஜூனில் இருந்த விடுதலை விசாரணையும் தள்ளிப் போய்விட்டது. படம் நேற்று சிட்னிக்கு வண்டி ஏறியதாம். மூடவும் இல்லை, பார்த்து அனுப்பவும் இல்லை. இரண்டு பேருக்கும் திருப்திதானே.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று படுத்துக்கொண்டே முயற்சி செய்தேன். வரவில்லை. எதுவும் வரவில்லை.

லாய்ட்


மெனிண்டி
மே 5

தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது துக்க மண். வேறு எப்படிப் பார்க்க முடியும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, சத்தியமாக. மாமாவுக்கும் தோன்றவில்லை. ஜோலீனிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து அடிக்கப் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

ஜெயிலுக்கு போன் போட்டேன். ஒருவர் இன்னொருவரிடம் தள்ள, அவர் வேறொருவரிடம் தள்ள, கடைசியில் இசை போட்டுவிட்டார்கள். காசு தீரும்வரை இசை கேட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஏன் சொல்லவில்லை? ஒரு வரி போதுமே. எங்க அம்மா செத்துட்டாங்க, இது துக்கத்துக்குப் பூசுற மண்ணு. அவர்களும் தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன் லாய்ட். மூன்று மாதமாக நீ அந்த வார்த்தையை எனக்குக்கூட எழுதவில்லை. அம்மா இருந்தாள் என்று எழுதுகிறாய். முகம் வரவில்லை என்று எழுதுகிறாய். செத்தாள் என்று எழுதவில்லை. பேரைத்தான் சொல்லக் கூடாது. செத்ததைச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

உன் விசாரணை தள்ளிப் போனது என்னால்தான். அதை நான் சுமந்துகொள்கிறேன். படத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். ஜூனில் சிட்னிக்குப் போகிறேன். மிச்சம் இருக்கிற மண்ணையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ரயிலில் யாரும் பையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நொரெல்


சிறை
மே 21

அக்கா,

தனி அறையிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள். சோதனை முடிவு வந்தது. வெறும் ஜிப்சமாம். முர்டாக் சுவரைத் தட்டிக் காட்டினார். "இதாண்டா அது. உங்கக்கா எங்க செவுத்தையே இடிச்சு எங்களுக்கே அனுப்பிச்சிருக்கா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். ஓவிய அறைக்கு மட்டும் மறுபடி கேட்டு எழுத வேண்டுமாம். அதுவரை என்னைச் சுவர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய பகுதியில் ஜிப்சம் போர்டு மாற்றி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. நாள் முழுக்கத் தலையில் கொட்டுகிறது. உள்ளே போகுமுன் கழுவிவிட வேண்டும் என்பது உத்தரவு. தினமும் கழுவுகிறேன். சாக்கடைக் குழியில் வெள்ளையாக ஓடிப்போகிறது.

காரணம் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அனுமதி கொடுத்தது உண்மை. கையிலும் காலிலும் சங்கிலி, இரண்டு பக்கமும் காவலர், இந்த உடுப்பு. அப்படித்தான் குழி ஓரம் நிற்கலாம் என்றார்கள். கோர்ட்டில் அம்மா என்னை அந்தக் கோலத்தில் ஒரு தடவை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உனக்கு ஞாபகம் இருக்கும். பெட்டிக்குள் படுத்திருப்பவளால் திரும்பிக்கொள்ள முடியாதே என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒன்றும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போடுவார்களே, அப்படி இருக்கிறது. கடித்தாலும் தெரியவில்லை. இங்கே ஒருவருக்கும் தெரியாது. என்னோடு அறையில் இருக்கிற டாம்மோவுக்கும் தெரியாது. சொன்னால் நிஜமாகிவிடும் என்றெல்லாம் இல்லை. நிஜம் என்று தெரியும். வாய் அந்தப் பக்கம் போகவில்லை.

சிட்னிக்குப் போகாதே. போனால், பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை பார். அம்மாவுக்கு உதட்டுக்குக் கீழே இருந்த மச்சம் இடதா வலதா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. படத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுது.

லாய்ட்


மெனிண்டி
ஜூன் 14

தம்பி,

போய்விட்டு வந்தேன். வாரத்துக்கு ஒரு ரயில், அதுவும் லேட். மாமா ஸ்டேஷனுக்கு வந்து, வேகவைத்த கங்காரு வாலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பெட்டி முழுக்க அதன் வாசனை. எதிரில் இருந்த அம்மாள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கால் நீட்ட வசதியாகப் போயிற்று.

கலைக்கூடம் பெரிய மண்டபம். எல்லோரும் கையில் கிளாஸ் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்கள். உன் படம் கடைசிச் சுவரில். கீழே அம்மா பெயர். நான் பேரைப் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு போய் நின்றேன். மண்ணைக் குழைத்து ஒரு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். வாசலுக்கு வெளியே இருந்த கழிவறையில் குழைத்தது, இறுகுவதற்குள் பூசிவிட வேண்டும். ஒரு விநாடி பார்த்துவிட்டுப் பூசுவது என்றுதான் இருந்தேன்.

மரம் இருந்தது. லாய்ட், மரத்தின் காலடியில் தண்ணீர் இருந்தது. நம் பழைய பழுப்புத் தண்ணீர், வேரை முழுக்க மூடிக்கொண்டு. இங்கே இல்லாத தண்ணீரை நீ அங்கே உட்கார்ந்து எங்கிருந்து பிடித்தாய்? வடுவில் முதுகைச் சாய்த்து அம்மா. தூண்டில் கயிற்றைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, யாரையோ திட்டப்போகிற வாயோடு.

அப்புறம் காலைப் பார்த்தேன். என் நீலச் செருப்பு.

ஒரு வருஷம் அந்தச் செருப்புக்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். நான் எடுக்கவே இல்லை, நாய் தூக்கிப் போயிருக்கும் என்று சத்தியம் செய்தாளே. ஜிஞ்சரை அடித்தேனே நான். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சிட்னிக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. அப்புறம் அது சிரிப்பாக நிற்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். கிளாஸ் வைத்திருந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள்.

மண்டபத்தை மூடும்வரை பார்த்தேன். வீட்டில் ஒரு போட்டோகூட வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவள் நான். நம் முறைப்படி எல்லாம் செய்தேன். அவளைப் பார்க்க எனக்கும் அவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கே தெரியாது. டப்பாவில் மண் கல்லாக இறுகிவிட்டது.

காவலுக்கு நின்ற பெண் வந்து, கிளம்ப வேண்டும் என்றாள். அவளிடம் சொன்னேன். எங்க அம்மா செத்துட்டாங்க, இது எங்க அம்மா, இப்படி வெளியில இருக்கக் கூடாது என்றேன். அவள் போய் ஹெல்கா டீச்சரை அழைத்து வந்தாள். டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. "அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் அட்டையை அவரே பிய்த்து எடுத்தார். படத்தை இறக்கி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினோம். பையில் கொஞ்சம் பொடி மிச்சம் இருந்தது. புதிதாகக் குழைத்து, படத் துணியின் பின்பக்கம், அவள் தலை இருக்கிற இடமாகப் பார்த்து என் உள்ளங்கையால் பூசினேன். வர்ணத்தில் ஒரு பொட்டுகூடப் படவில்லை. அப்படியே கண்காட்சி முடியும்வரை தொங்குமாம்.

நீ வந்து, துக்கம் கழிந்ததென்று மாமா சொன்ன பிறகு, நீயே அதைத் திருப்பு. மச்சம் இடது பக்கம். சரியாகத்தான் வரைந்திருக்கிறாய்.

ஊருக்கு வந்து பார்த்தால் ஜிஞ்சர் நாற்காலியில் ஏறிப் படுத்திருக்கிறது. அம்மா இருந்தால் அதை விட்டிருப்பாளா? குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது. மாமா வந்து பார்த்து வாஷர் போய்விட்டது என்கிறார்.

என் பங்கு முடிந்தது. உன் தலை பாக்கி இருக்கிறது.

உன் அக்கா
நொரெல்


சிறை
ஜூன் 27

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் காலையில் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், மதிய இடைவேளையில் படித்தேன். செருப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மீதியைப் படித்தேன்.

மதியத்துக்கு மேல் கூரைப் பலகை தேய்க்கிற வேலை. அண்ணாந்து நிற்க வேண்டும், எல்லாம் தலையிலும் முகத்திலும்தான் விழும். வேலை முடிந்து எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். நான் போகவில்லை. வாளியில் மிச்சம் இருந்த பட்டியைக் கையில் அள்ளித் தலை முழுக்க வைத்து அழுத்தினேன். நம் ஏரிக்கரை மண் இல்லை. அதே கல்தான். அப்படியே போய் வரிசையில் நின்றேன்.

முர்டாக் வந்து என் முன்னால் நின்றார். "தலையைக் கழுவலையா?"

இல்லை என்றேன்.

"கழுவாம உள்ள விட முடியாதுன்னு தெரியும்ல?"

"எங்க அம்மா செத்துட்டாங்க சார்."

அவர் எப்போது என்று கேட்டார். பிப்ரவரியில் என்றேன். அவர் அந்தப் பொட்டலத்தை நினைத்திருக்க வேண்டும், கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, போ என்று தலையை மட்டும் ஆட்டினார்.

டாம்மோ கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்து, "உங்கம்மா பேரு என்ன மச்சான்?" என்று கேட்டான்.

இப்போதைக்கு அதைச் சொல்லக் கூடாது என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. முகத்தில் இருந்த மாவெல்லாம் கரைந்து சட்டைமேல் வழிந்தது. அவன் தன் துண்டை எடுத்துக் கொடுத்தான். நான் துடைக்கவில்லை.

இது எழுதும்போது தலையில் நன்றாக இறுகிவிட்டது. கழன்று வருகிற அன்றைக்கு ஹெல்கா டீச்சரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் இல்லை. குழிமேட்டில் வை.

உன் தம்பி
லாய்ட்